ஜார்ஜ் டவுன் முதல் தினிப்ரோ வரை: குடியிருப்புகள் மீது வான்தாக்குதல்

(ஜொகூர், பெக்கோக்: பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரை ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் குண்டுவீசித் தாக்கின. மலாயாப் போரில் பொதுமக்கள் ஒரே நாளில் பெருந்தொகையாக மாண்ட முதல் நிகழ்வு அது. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாதவர்கள்: கடைச் சிப்பந்திகள், துறைமுகத் தொழிலாளர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், சந்தைக்கு வந்த பெண்கள், வீட்டு வாசலில் நின்ற பிள்ளைகள். இந்த நாட்டின் பள்ளி வரலாற்றில் கோத்தா பாரு தரையிறக்கத்துக்கும் சிங்கப்பூர் சரணடைவுக்கும் நடுவில் ஓரிரு வரியில் கடந்துபோகும் நாள். அந்த நாளை நின்று பார்த்தால்தான், இன்றைக்கு உலகச் செய்திகளில் அடிக்கடி கேட்கும் ‘அடுக்குமாடிக் குடியிருப்பு மீது ஏவுகணைத் தாக்குதல்’ என்ற சொற்றொடரின் பொருள் இங்குள்ளவர்களுக்கு நெருக்கமாகும்.

போர் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 8 நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அன்று பொழுது விடியுமுன் இந்தோசீனாவிலிருந்து பறந்துவந்த 17 விமானங்கள் சிங்கப்பூரைத் தாக்கின. நகரத்தின் விளக்குகள் அணைக்கப்படவே இல்லை. 61 பேர் இறந்தனர். 700க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அடுத்த இரண்டு நாள்களில் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த் ஆகிய வடபுலத்து விமானத்தளங்கள் ஒவ்வொன்றாக நொறுக்கப்பட்டன. எஞ்சிய பிரிட்டிஷ் விமானங்கள் தெற்கே பின்வாங்கின. டிசம்பர் 10 அன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கின. ஆகவே 11ஆம் தேதி காலையில் பினாங்கைக் காக்க வானில் விமானமும் இல்லை, கடலில் கப்பலும் இல்லை. தரையில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கிகூட இல்லை. அரசு ‘கோட்டை’ என்று பெயர் சூட்டியிருந்த தீவின் நிலை இதுதான்.

விமானங்களின் இரைச்சல் கேட்டதும் மக்கள் ஒளிந்துகொள்ளவில்லை. பார்ப்பதற்காகத் தெருவுக்கு வந்தார்கள். தங்கள் பக்கத்து விமானங்கள் என்று நினைத்தவர்கள் பலர். ஜப்பானியனுக்குக் கண்பார்வை மட்டு, அவன் விமானங்கள் ஓட்டை உடைசல் என்ற பேச்சு ஆண்டுக்கணக்காக ஆங்கிலேய வட்டாரங்களிலிருந்து கசிந்து ஊரெல்லாம் பரவியிருந்தது. அந்தப் பேச்சை நம்பியவர்கள்மேல் பழி சொல்ல முடியாது. ஆபத்து இன்னதென்று சொல்லவேண்டிய கடமை இருந்தவர்கள் அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 23 அன்று ரங்கூனிலும் இதே காட்சி அரங்கேறியது. அங்கும் மக்கள் வெள்ளி நிறத்தில் மின்னிய விமான அணிவகுப்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அங்கும் மடிந்தவர்கள் மிகுதி. பினாங்கின் பாடம் ரங்கூனுக்குப் போய்ச் சேரவில்லை.

குண்டுகள் விழுந்தது ஜார்ஜ் டவுனின் நெருக்கமான பகுதியில். பீச் தெரு, சூலியா தெரு, கேம்பல் தெருச் சந்தை ஆகிய இடங்கள் கடுமையாகச் சேதமடைந்தன. சில விமானங்கள் தாழப் பறந்து தெருக்களை எந்திரத் துப்பாக்கியால் சுட்டன. சூலியா தெருவின் பெயரே அங்கு நெடுங்காலமாக வாழ்ந்த தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது. அதைச் சுற்றித் தமிழ்க் கடைகள், செட்டியார் கிட்டங்கிகள், சீனர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைபாதை என்ற அமைப்பு மலாயாவின் எல்லா ஊர்களிலும் உண்டு. பெக்கோக் கடைத்தெருவிலும் அதன் சாயலைக் காணலாம். வெயிலுக்கும் மழைக்கும் அந்த அமைப்பு மிகப் பொருத்தமானது. குண்டுக்கு அது சிறிதும் தாங்காது.

கடைவீட்டின் பக்கச் சுவர் செங்கல். தளங்களும் உத்திரங்களும் மரம். கூரை ஓடு. அருகே குண்டு வெடிக்கும்போது முதலில் வருவது காற்றழுத்த அலை. அது சாளரங்களையும் கதவுகளையும் பெயர்த்து உள்ளே எறிகிறது. அடுத்து இரும்புச் சில்லுகள். பக்கச் சுவரோ முன்தூணோ சாய்ந்தால் மேல்தளம் அப்படியே கீழ்த்தளத்தின்மேல் இறங்கும். அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் ஒரே சுவர் பொது என்பதால் ஒரு வீட்டின் சரிவு அடுத்த வீட்டையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அடுப்பிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ தீ பற்றும். மரத்தளமும் கிட்டங்கிச் சரக்கும் அதற்குத் தீனி. ஐந்தடிக்குள் ஒதுங்கியவர்கள் தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினார்கள். இப்படிப்பட்ட தெருவில் ஒரு சிறு குண்டு செய்யும் அழிவு, வெட்டவெளியில் அதைவிடப் பல மடங்கு பெரிய குண்டு செய்யும் அழிவைத் தாண்டிவிடும். கட்டடமே கொலைக்கருவி ஆகிவிடுகிறது என்பது குடியிருப்புத் தாக்குதல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான உண்மை.

தீயணைப்பு நிலையமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. தீ பரவியது. சிதைவுகளுக்கு அடியில் கிடந்தவர்களை எடுக்கப் போதிய ஆளில்லை. மருத்துவமனை நிரம்பி வழிந்தது. 12, 13 தேதிகளிலும் விமானங்கள் வந்தன. 13ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரிவு ஒன்றின் சில சண்டை விமானங்கள் பட்டர்வொர்த்திலிருந்து எழுந்து எதிர்த்துப் போரிட்டன. அதற்குள் நகரம் பாதி காலியாகிவிட்டது. ஆயர் ஈத்தாம் பக்கமும் மலையடிவாரங்களுக்கும் பாலிக் புலாவ் கம்பங்களுக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தொழிலாளர்கள் போனதால் துறைமுகம் நின்றது. காவலர்களும் பலர் போய்விட்டதால் கொள்ளை தொடங்கியது. தெருக்களில் பிணங்கள் அகற்றப்படாமல் நாள்கணக்கில் கிடந்தன. காலரா பரவும் என்ற அச்சம் எழுந்தது.

இதற்கு அடுத்து நடந்ததே இந்தத் தாக்குதலின் மிகக் கொடிய பகுதி. தீவைத் தக்கவைக்க முடியாது என்று படைத்தலைமை முடிவு செய்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் முதலில் அனுப்பப்பட்டனர். டிசம்பர் 16 இரவும் 17ஆம் தேதியுமாக எஞ்சிய ஐரோப்பியர்கள் ரகசியமாகக் கப்பலேறினார்கள். ஆசியர்களுக்கு இடமில்லை. அவர்களுக்குச் செய்தியே சொல்லப்படவில்லை. காலையில் எழுந்த நகரம், தன்னை ஆண்டவர்கள் இல்லாததைக் கண்டது. வானொலி நிலையத்தையும் துறைமுகத்தில் கிடந்த படகுகளையும் அழிக்கக்கூட மறந்து போயிருந்தார்கள். இரண்டும் ஜப்பானியர் கைக்குச் சென்றன. இந்த வெளியேற்றத்தால் எழுந்த கசப்பு மலாயா முழுவதும் பரவியதால், இனி இனவேற்றுமை பார்த்து மக்களை அப்புறப்படுத்தும் நடவடிக்கை இராது என்று ஆளுநர் ஷெண்டன் தாமஸ் சொல்ல நேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின்மேல் மலாயா மக்கள் வைத்திருந்த நம்பிக்கை சிங்கப்பூரில் விழுந்தது என்று சொல்வது வழக்கம். அது விழுந்த இடம் பினாங்குத் துறைமுகம்.

அந்த வெற்றிடத்தில் பொறுப்பை ஏற்றவர்களில் முதன்மையானவர் ஓர் ஈழத்தமிழர். மாணிக்கசோதி சரவணமுத்து, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். இலங்கையின் புகழ்பெற்ற சரவணமுத்து குடும்பத்தைச் சேர்ந்தவர். கொழும்பில் உள்ள ‘பி. சரா ஓவல்’ கிரிக்கெட் திடல் அவருடைய சகோதரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. எல்லா இனத்தவரும் அடங்கிய பினாங்கு சேவைக் குழு அமைந்தது. உணவுப் பங்கீடு, காவல், பிணங்களை அகற்றுதல் ஆகிய வேலைகளைக் குழு கையில் எடுத்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைச் சரவணமுத்து இறக்கச் செய்தார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், நகரம் பாதுகாப்பின்றி இருக்கிறது, இனிக் குண்டு போட வேண்டாம் என்ற செய்தி வானொலி வழியாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது. பின்னர் அதே ஜப்பானியர் அவரைச் சிறையில் அடைத்தார்கள். போருக்குப் பின் அவர் இலங்கையின் பிரதிநிதியாக மலாயாவில் பணிபுரிந்தார். குண்டுவீச்சைத் தடுக்க இயலாத ஒரு பத்திரிகை ஆசிரியர், அதற்குப் பின் வரவிருந்த சாவுகளைக் குறைத்தார். வீரச் செயல் என்பதற்கு மலேசியத் தமிழ்ப் பாடநூல்களில் சேர்க்கத்தக்க எடுத்துக்காட்டு இது.

மாண்டவர்களின் தொகை நூல்தோறும் மாறுகிறது. பல நூற்றுக்கணக்கானோர் என்பது குறைந்த மதிப்பீடு. காயமடைந்தோரையும் சேர்த்தால் ஆயிரங்களைத் தொடும் என்பது பரவலான கருத்து. தெரு வாரியாக, வீட்டு வாரியாக ஒரு பட்டியல் எடுக்கப்படவில்லை. எடுக்க வேண்டிய அரசு கப்பலேறிவிட்டது. கூலி வேலைக்காகத் தனியாக வந்து, கிட்டங்கி மாடியில் படுத்துறங்கிய தொழிலாளியின் சாவு, தஞ்சாவூரிலோ இராமநாதபுரத்திலோ இருந்த வீட்டுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. கடிதமும் பணமும் வருவது நின்றதுதான் அந்த வீடுகளுக்குக் கிடைத்த செய்தி.

போர் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி ஒரு மாதத்தில் ஜொகூரைத் தொட்டது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 14 அன்று கெமாஸ் அருகே, கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கித் தாக்கினார்கள். ஒரு நாள் வெற்றி. மூவாரில் அணி உடைந்தது. பிறகு தற்காப்புக் கோடு பத்து பகாட், குளுவாங், மெர்சிங் என்று பின்னுக்குப் போனது. கெமாஸிலிருந்து தெற்கே செல்லும் ரயில்பாதை சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் என்று நீள்கிறது. இந்தியப் படையின் 9ஆவது டிவிஷன் பின்வாங்கியது இந்தப் பாதையை ஒட்டித்தான். அதன் தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28 அன்று லாயாங் லாயாங் அருகே கொல்லப்பட்டார். குளுவாங் விமானத்தளம் ஜப்பானியரின் குண்டுக்கு இலக்காகி, பிறகு அவர்கள் கைக்கு மாறியது. ஜனவரி 31 அன்று கடைசிப் படைகள் கடந்தபின் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது.

நகரத்தில் சாவு குண்டாக வந்தது. தோட்டத்தில் அது மெல்ல வந்தது. ரப்பர் மரங்களின் இலைக்கூரை வானிலிருந்து பார்ப்பவன் கண்ணை மறைத்ததால், ஊர்மக்கள் பலர் தோட்டங்களுக்குள் அடைக்கலம் தேடினார்கள். வெள்ளைக்காரத் துரைகள் போனபின் சம்பளமும் அரிசியும் நின்றன. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சுமார் 75,000 பேர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் அவர்களில் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். குண்டுவீச்சில் தப்பியது தோட்டத்து லயங்களுக்குப் பாதுகாப்பாக அமையவில்லை.

வங்காள விரிகுடாவின் மற்றக் கரைகளிலும் இந்தக் கதை தொடர்ந்தது. ரங்கூனின் மக்கள்தொகையில் அன்று பாதிக்கும் மேல் இந்தியர்கள். டிசம்பர் 23, 25 குண்டுவீச்சுகளுக்குப் பின் துறைமுகத் தொழிலாளர்கள் நகரைவிட்டு ஓடினார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியா திரும்ப முயன்றார்கள். வழியில் மாண்டவர்கள் குண்டில் மாண்டவர்களைவிட மிக அதிகம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. பொதுமக்கள் 85 பேர் இறந்தனர். அங்கொடை மனநல மருத்துவமனையும் குண்டுக்கு இலக்கானது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அந்த வாரத்தில் சென்னை நகரம் படையெடுப்பு வதந்தியால் காலியானது.

இவை எல்லாம் நடந்தபோது வான்தாக்குதலைக் கட்டுப்படுத்தும் உலகச் சட்டம் இருந்ததா? எழுதப்பட்டிருந்தது, ஏற்கப்படவில்லை. 1922–23இல் ஹேக் நகரில் சட்ட அறிஞர் குழு வான்போர் விதிகளை வரைந்தது. பொதுமக்களை அச்சுறுத்துவதற்காகக் குண்டு வீசுவதை அது தடை செய்தது. எந்த அரசும் அதற்குக் கட்டுப்பட முன்வரவில்லை. மறுபக்கம், இத்தாலியத் தளபதி ஜூலியோ தூஹே 1921இல் எழுதிய நூல், எதிரியின் நகரங்களைத் தாக்கி மக்களின் மனவுறுதியைக் குலைத்தால் போர் விரைவில் முடியும் என்று வாதிட்டது. வல்லரசுகள் செவிகொடுத்தது இந்த வாதத்துக்குத்தான். 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிகா, 1939 மே மாதத்தில் சீனாவின் சோங்கிங். சோங்கிங்கில் இரண்டே நாளில் 4,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு நேசநாடுகளின் முறை: 1943இல் ஹாம்பர்க், 1945 மார்ச்சில் டோக்கியோ; டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் 1,00,000 பேர். போர் முடிந்து நடந்த நியூரம்பர்க், டோக்கியோ விசாரணைகளில் நகரக் குண்டுவீச்சு ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வென்றவர்களும் அதையே செய்திருந்தார்கள் என்பது காரணம். ஜார்ஜ் டவுனுக்கு நீதி கிடைக்காமல் போனதற்கு ஹாம்பர்க்கும் டோக்கியோவும் ஒரு காரணம் என்பது கசப்பானது, ஆனாலும் உண்மை.

விமானத்திலிருந்து ஏவுகணைக்கு மாறியபோது குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசமானது. விமானத்தின் இரைச்சலாவது கேட்கும். ஜெர்மனியின் வி-2 ஏவுகணை ஒலியைவிடப் பல மடங்கு வேகமாக வந்ததால், வெடித்த பிறகுதான் அது வந்த ஓசையே கேட்டது. 1944 செப்டம்பர் 8 அன்று முதல் வி-2 லண்டனில் விழுந்தது. நவம்பர் 25 அன்று நியூ கிராஸ் பகுதிக் கடை ஒன்றில் 168 பேர், டிசம்பர் 16 அன்று ஆண்ட்வெர்ப் நகரத் திரையரங்கில் 567 பேர் மாண்டனர். 1945 மார்ச் 27 அன்று, போர் முடியும் தறுவாயில், லண்டனின் ஸ்டெப்னியில் ஹியூஸ் மேன்ஷன்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 134 பேர். குறி எதுவும் வைக்காமல் ஒரு நகரத்தின் பெயரை மட்டும் இலக்காகக் கொண்ட ஆயுதம் அது. 1988இல் ஈராக் தெஹ்ரான் மீது ஏவிய ஏவுகணைகளும் அந்த வகைதான். லட்சக்கணக்கானோர் அந்நகரைவிட்டு வெளியேறினார்கள்.

குறி தவறுவதுதான் சிக்கல், துல்லியம் கூடினால் சாவு குறையும் என்று பிறகு சொல்லப்பட்டது. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமீரியாவில் லேசர் வழிகாட்டலுடன் வந்த இரண்டு அமெரிக்கக் குண்டுகள் குறித்த இடத்தில் பிசகாமல் விழுந்தன. அது ஒரு குண்டுவீச்சுக் காப்பகம். உள்ளே உறங்கிய 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருகி இறந்தனர். குண்டு தவறவில்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற தகவல் தவறியது. ஆகவே ஆயுதத்தின் துல்லியத்தை மட்டும் வைத்து ஒரு தாக்குதலை மதிப்பிட முடியாது. ஏவுவதற்குமுன் எவ்வளவு விசாரித்தார்கள், சந்தேகம் இருந்தபோது நிறுத்தினார்களா என்பதையே பார்க்க வேண்டும்.

தமிழர் நினைவில் ஆறாத புண்ணாக நிற்பது யாழ்ப்பாணத்து நவாலி. 1995 ஜூலை 9 அன்று, ‘முன்னேறிப் பாய்தல்’ என்ற பெயரில் இலங்கை அரசுப் படைகள் வலிகாமத்தில் நடத்திய நடவடிக்கையின்போது, வீடுவாசலை விட்டு வந்தவர்கள் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் வளவிலும் தங்கியிருந்தார்கள். வான்படையின் குண்டுகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் பலர். கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகிய இடங்களில் குண்டு விழாது என்ற நம்பிக்கை அன்று யாழ்ப்பாணத்தில் சிதைந்தது. இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் இத்தகைய தாக்குதல்களில் மிக விரிவாகப் பதிவானவற்றுள் ஒன்று உக்ரைனின் தினிப்ரோ நகரத்துடையது. 2023 ஜனவரி 14, சனிக்கிழமை பிற்பகல். விடுமுறை நாள், குடும்பங்கள் வீட்டில் இருந்தன. ரஷ்யா ஏவிய ஏவுகணை ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றைத் தாக்கியது. ஏவுகணை கேஎச்-22 வகை. சோவியத் காலத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடிக்க வடிவமைக்கப்பட்டது. வெடிமுனையின் எடை ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. கடலில் தனித்து நிற்கும் பெரிய கப்பலைத் தேடிச் செல்ல அமைந்த ஆயுதம், நகரத்துக்குள் ஏவப்படும்போது நூற்றுக்கணக்கான மீட்டர் தடம் மாறக்கூடும். அப்படிப்பட்டதை மக்கள் நெருங்கி வாழும் இடத்தின்மேல் ஏவியதே குற்றம். எந்த இலக்குக்கு என்று பிறகு சொன்னாலும் அது மாறாது. கட்டடத்தின் நடுப்பகுதி மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 72 வீடுகள் அழிந்தன. மீட்புப் பணி இரவும் பகலுமாக ஜனவரி 17 வரை நடந்தது. 46 பேர் இறந்தனர். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பதிவாயின.

ஜார்ஜ் டவுனில் கிடைக்காததும் தினிப்ரோவில் கிடைத்ததும் அதுதான். மீட்புப் படை வந்தது. இடிபாடுகளில் குரல் கேட்க எந்திரங்களை நிறுத்தி அமைதி காத்தார்கள். எண்ணினார்கள். எண்ணிக்கை இருந்தால் விசாரணை நடக்கும். விசாரணை நடந்தால் ஆணை பிறப்பித்தவனின் பெயர் வெளிவரும். உக்ரைனின் மின்நிலையங்கள் மீதான ஏவுகணைத் தாக்குதல்களுக்காக ரஷ்யத் தளபதிகள் இருவர்மீது 2024 மார்ச் 5 அன்று அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது. கைது நடக்கவில்லை. ஆயினும் 1945இல் கேள்வியாகக்கூட எழாதது இன்று குற்றச்சாட்டாக எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு அடிப்படை 1977 ஜூன் 8 அன்று ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை. பொதுமக்களையும் போராளிகளையும் எப்போதும் பிரித்துப் பார்க்க வேண்டும். படை இலக்கைத் தாக்கினாலும் பொதுமக்களுக்கு ஏற்படும் கேடு, எதிர்பார்க்கும் படைப்பயனைவிட மிகுந்துவிடக் கூடாது. தாக்குமுன் இயன்ற எச்சரிக்கை தர வேண்டும். குறிபார்த்துத் தாக்க இயலாத ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது. 1998 ரோம் சட்டம் இவற்றில் முதன்மையானவற்றை மீறுவதைத் தனிமனிதக் குற்றமாக்கியது. மலேசியா 2019 மார்ச் 4 அன்று ரோம் சட்டத்தில் இணைந்து, இரண்டு மாதத்துக்குள், உள்நாட்டு எதிர்ப்பால், ஏப்ரல் 29 அன்று விலகிக்கொண்டது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் எம்எச்17 விமானத்தை ஏவுகணை ஒன்று வீழ்த்தி, 43 மலேசியர் உட்பட 298 பேரைக் கொன்றதை மறக்காத நாடு அந்த நீதிமன்றத்துக்கு வெளியே நிற்பது சரியன்று. விலகிய முடிவை மலேசியா மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, சாவைக் குறைப்பது முன்னேற்பாடு. சிங்கப்பூர் 1941இல் நிலத்தடி நீர் மேலாக இருக்கிறது என்று காரணம் சொல்லிப் பொதுமக்களுக்குக் காப்பகம் கட்டத் தயங்கிய ஊர். அதே சிங்கப்பூர் 1997இல் சட்டம் இயற்றி, புதிதாகக் கட்டும் வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட காப்பறையைக் கட்டாயமாக்கியது. ஜொகூரிலிருந்து அங்கு வேலைக்குச் செல்வோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அந்த அறையைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் சாமான் அறையாகவே பயன்படுகிறது. அப்படியே பயன்பட்டுக்கொண்டிருப்பது நல்லது. மலேசியாவில் 1951இன் குடிமைத் தற்காப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த பொதுத் தற்காப்புப் படை இன்று வெள்ள மீட்பில்தான் அதிகம் தென்படுகிறது. 2006, 2011, 2023 வெள்ளங்களின்போது சிகாமட் மாவட்டம் அதன் பயனை அறிந்தது. குண்டானாலும் வெள்ளமானாலும் தேவை நான்கு: எச்சரிக்கை உரிய நேரத்தில் எல்லா மொழியிலும் எல்லாருக்கும் போய்ச் சேர்வது, ஒதுங்கும் இடம் முன்கூட்டியே குறித்திருப்பது, மீட்பவர் இன்னார் என்று தெரிந்திருப்பது, காணாமற்போனவரைப் பதிவு செய்வது. 1941 டிசம்பரில் பினாங்கில் இந்த நான்கும் இல்லை.

அன்று பத்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. பெக்கோக், லாபிஸ், பாலோ வட்டாரத்துத் தோட்டங்களிலும் ஊர்களிலும் ஜப்பானியர் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருப்பார்கள்; அவர்களிடம் கேட்டுவைத்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கிலோ குளுவாங்கிலோ ரங்கூனிலோ குண்டுக்குப் பலியானவர், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யாரேனும் குடும்பத்தில் இருந்தால், அவருடைய பெயர், ஊர், செய்த தொழில், கடைசியாகக் காணப்பட்ட இடம், தேதி ஆகியவற்றை எழுதிவையுங்கள். பேசக்கூடிய முதியவர் இருந்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு படியை ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் மற்றொன்றைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் சேர்ப்பியுங்கள். இந்த ஆண்டிலேயே அதைச் செய்யுங்கள்.